இமை முடிக்கு எது பொருந்தும்? மஸ்காரா முதல் எக்ஸ்டென்ஷன் வரை ஓர் எளிய விளக்கம்

இமை முடியை எடுப்பாகக் காட்ட இன்று ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. மஸ்காரா, முடியை அழுத்தி வளைக்கும் கர்லர், ஒட்டு இமை, முடிக்கு முடி செயற்கை இழை ஒட்டும் எக்ஸ்டென்ஷன், திரவம் தடவி முடியை மேல்நோக்கி வளைக்கும் லிஃப்ட், சாயம் ஏற்றும் டின்ட், முடி வளரத் தடவும் சீரம் என்று பார்லர் விலைப்பட்டியலிலும் இணையக் கடைகளிலும் வரிசையாக இருக்கும். இவற்றில் எது நல்லது என்று கேட்பதற்கு முன், உங்கள் இமை முடியில் எது குறைவு என்று பார்த்துவிடுங்கள். குறையக்கூடியவை நான்கே: நிறம், வளைவு, நீளம், அடர்த்தி. பெரும்பாலான வழிகள் இவற்றில் ஒன்றிரண்டைத்தான் சரிசெய்யும். நீளமாக இருந்தும் கீழ்நோக்கி நேராக வளரும் முடிக்கு எக்ஸ்டென்ஷன் ஒட்டுவது வீண் செலவு; வளைவு வந்தாலே கண் திறந்துவிடும். உள்ளதே குட்டை என்றால், எவ்வளவு நன்றாக லிஃப்ட் செய்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கண்டுபிடிப்பது சுலபம். மை எதுவும் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். வேரிலிருந்து கிளம்பிய முடி மேலே வளைகிறதா, நேராக நீள்கிறதா, கீழே சரிகிறதா என்பது அதில் தெளிவாகத் தெரியும். பிறகு கண்ணாடியைத் தாடைக்குக் கீழே பிடித்துக் கீழே பார்த்தால், முடிக்கு முடி இடைவெளி இருக்கிறதா, நுனி வெளிறியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இமை முடி வளரும் விதம்

மேல் இமையில் ஏறத்தாழ 90 முதல் 150 முடிகள் இருக்கும். நீளம் 8 முதல் 12 மி.மீ. கீழ் இமையில் 75 அல்லது 80. அவை இன்னும் குட்டை. தலைமுடி ஆண்டுக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். இமை முடியோ சில வாரங்களே வளர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது, சில மாதம் அப்படியே இருந்து உதிர்கிறது. எந்த நேரத்திலும் பெரும்பாலான முடிகள் வளராமல் ஓய்வில்தான் இருக்கும். தினமும் ஒன்று முதல் ஐந்து முடி வரை உதிர்வது இயல்பு. எக்ஸ்டென்ஷன் இரண்டு மூன்று வாரத்தில் திட்டுத்திட்டாகத் தெரிவதற்கும், சீரம் வேலை செய்ய மாதக்கணக்கில் ஆவதற்கும், லிஃப்ட் ஆறு முதல் எட்டு வாரத்தில் மங்குவதற்கும் காரணம் இந்தச் சுழற்சிதான்.

எவ்வளவு நீளம் வரை போகலாம் என்பதற்கும் இயற்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2015-இல் 22 வகைப் பாலூட்டிகளின் கண்களை அளந்து பார்த்தார்கள். இமை முடியின் நீளம் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதுதான் கண்ணைத் தொடும் காற்றும் தூசியும் மிகக் குறைகின்றன. அதைவிட நீண்டால் முடியே காற்றைக் கண்ணை நோக்கித் திருப்பிவிடுகிறது. நம் கண் அகலம் சுமார் 30 மி.மீ. என்றால், 10 மி.மீ. அளவுதான் கண்ணுக்கு உகந்தது. 15 மி.மீ. ஒட்டிக்கொண்டு பைக்கில் போகிறவர்களுக்குக் கண் காய்ந்து உறுத்துவது இதனால் இருக்கலாம்.

கர்லரும் மஸ்காராவும்

முதன்முறை முயல்பவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் இரவே கழுவிவிடலாம்.

கர்லரை எப்போதும் மஸ்காராவுக்கு முன்பே போட வேண்டும். மை காய்ந்த முடியைக் கர்லரில் அழுத்தினால் அது ரப்பரில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது முறியும், அல்லது வேரோடு வரும். வேரை ஒட்டிப் பிடித்து 5 முதல் 10 நொடி அழுத்துங்கள். பிறகு நடுப்பகுதியில் மெதுவாக ஒருமுறை. ஒரே இடத்தில் பலமாக அழுத்தினால் வளைவுக்குப் பதில் மடிப்பு விழும். ரப்பர் பட்டையில் பள்ளம் விழுந்துவிட்டால் அதை மாற்றியே ஆக வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் முடி வெட்டுப்படும்.

மஸ்காரா பிரஷ்ஷை வேரில் வைத்து இடமும் வலமுமாகச் சிறிது அசைத்துவிட்டு மேலே இழுக்க வேண்டும். அடர்த்தி வேரிலிருந்துதான் தெரியும். நுனியில் மட்டும் மை சேர்ந்தால் பாரம் தாங்காமல் வளைவு சரிந்துவிடும். தடிமனான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் மேல். முதல் பூச்சு முழுக்கக் காய்வதற்குள் இரண்டாவதைப் போட்டுவிடுங்கள். காய்ந்தபின் போட்டால் உதிரி உதிரியாகக் கன்னத்தில் விழும். குழாய்க்குள் பிரஷ்ஷை மேலும் கீழும் குத்துவதால் மை கூடுதலாக வருவதில்லை. காற்று புகுந்து மை சீக்கிரம் காயும், கிருமியும் சேரும். திறந்து 3 மாதம் ஆனதும் தூக்கிப் போட்டுவிடுங்கள், பாதி மீதியிருந்தாலும். கெட்டியாகிவிட்டதே என்று தண்ணீர் விட்டுக் கலக்குவது கண் நோயை அழைத்துக்கொள்வது. அடுத்தவர் பிரஷ்ஷையும் வாங்கிப் போடாதீர்கள், அக்கா தங்கையாகவே இருந்தாலும்.

மஸ்காராவில் மூன்று வகை உண்டு. சாதாரண வகை சோப்புத் தண்ணீருக்கே போய்விடும். வாட்டர்ப்ரூஃப் வகை மெழுகும் ஆவியாகும் எண்ணெயும் கலந்தது. கண்ணீரையும் மழையையும் தாங்கும், ஆனால் சருமத்தின் எண்ணெய்க்கு இளகிவிடும். மூன்றாவது ட்யூபிங் மஸ்காரா: ஒவ்வொரு முடியைச் சுற்றியும் பாலிமர் உறை போல் படிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறு சிறு குழாய்களாகக் கழன்று வரும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரிப் புழுக்கமான ஊர்களில் மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்குகிறதென்றால், காரணம் வியர்வையைவிட எண்ணெய்தான். அங்கே வாட்டர்ப்ரூஃபைவிட ட்யூபிங் நன்றாக நிற்கும். கண் மையும் போடுபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: காஜல் பென்சிலில் உள்ள எண்ணெயும் மெழுகும் மஸ்காராவை இளக்கிவிடும். உள் இமைக் கோட்டில் மை போட்ட நாளில் கீழ் இமைக்கு மஸ்காரா வேண்டாம்.

கலைக்கும்போதுதான் அதிக முடி போகிறது. ரிமூவர் நனைத்த பஞ்சை மூடிய கண்ணின் மேல் 20, 30 நொடி அப்படியே வைத்திருங்கள். பிறகு கீழ்நோக்கித் துடைத்தால் மை தானே வந்துவிடும். குறுக்கே தேய்க்காதீர்கள்.

ஒட்டு இமை

ஒரு ரிசப்ஷனுக்கோ போட்டோ ஷூட்டுக்கோ மட்டும் என்றால் பட்டை இமை, அதாவது ஒரே பட்டையாக வரும் ஒட்டு இமை, போதும். வாங்கியதை அப்படியே ஒட்டாமல், உங்கள் கண்ணில் வைத்துப் பார்த்து, வெளி ஓரத்தில் மிகுதியை வெட்டுங்கள். உள் ஓரத்தில் வெட்டினால் பட்டையின் வடிவமே கெட்டுவிடும். பசையை மெல்லிய கோடாகத் தடவி 30 நொடி காத்திருங்கள். தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வரட்டும். ஈரப் பசையோடு வைத்தால் வழுக்கும், இரண்டு மணி நேரத்தில் ஓரம் தூக்கும். முதலில் நடு, பிறகு இரண்டு ஓரங்கள். பட்டையோடு தூங்கக் கூடாது.

பெட்டியின் மேல் மிங்க், அதாவது விலங்கு ரோமம், என்று எழுதியிருந்தாலும் விலை மலிவானவை அனைத்தும் அநேகமாகச் செயற்கை இழைதான். அதில் குறை ஒன்றும் இல்லை. எடை குறைவு, வளைவும் கலையாது.

எக்ஸ்டென்ஷன்: நீளமும் அடர்த்தியும்

நான்கு குறைகளையும் ஒரே உட்காரலில், வாரக்கணக்கில் நிற்கும்படி தீர்ப்பது இது ஒன்றுதான். தவறாகச் செய்தால் இருக்கிற முடியையும் இழக்க வைப்பதும் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கண்ணை மூடிப் படுக்க வைத்து, கீழ் இமை முடிகளைப் பட்டையால் மறைத்து, மேல் இமையின் ஒவ்வொரு முடியையும் இடுக்கியால் தனியே பிரித்து, அதன்மேல் ஒரு செயற்கை இழையைப் பசை தொட்டு ஒட்டுவார்கள். ஒட்டும் இடம் தோலிலிருந்து அரை மி.மீ. முதல் ஒரு மி.மீ. தள்ளியே இருக்க வேண்டும். முழு செட்டுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். முக்கால் மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்றால், முடிகளைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். பிரிக்காமல் ஒட்டினால் இரண்டு மூன்று முடிகள் சேர்ந்து பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். வளரும் நிலையில் இருக்கும் முடியும் ஓய்வில் இருக்கும் முடியும் ஒன்றாகக் கட்டப்பட்டால், ஒன்று வளர வளர மற்றதை வேரோடு இழுக்கும். அந்த இழுப்பு மாதக்கணக்கில் தொடர்ந்தால் வேர் பலவீனமாகி, அந்த இடம் வழுக்கையாகவே நின்றுவிடக்கூடும். வேலை முடிந்ததும் மஸ்காரா பிரஷ் போலிருக்கும் சுத்தமான ஸ்பூலி பிரஷ்ஷால் வேரிலிருந்து வாரிப் பாருங்கள்: தடையில்லாமல் போக வேண்டும்.

இழையைத் தேர்ந்தெடுக்க மூன்று அளவுகள் சொல்வார்கள். வளைவு: ஜே, பி, சி, டி என்று எழுத்தால் குறிப்பார்கள், ஜே மெல்லிய வளைவு, டி நன்றாக மேலேறிய வளைவு. நீளம்: உங்கள் சொந்த முடியைவிட 2 அல்லது 3 மி.மீ. அதிகம் இருக்கலாம், அதற்குமேல் வேண்டாம். தடிமன்: ஒரு முடிக்கு ஓர் இழை ஒட்டும் கிளாசிக் வகைக்கு 0.15 மி.மீ. வழக்கம்.

தடிமனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 0.15-க்கும் 0.20-க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் எடை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரே நீளத்தில் 0.20 இழை 0.15 இழையைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு கனம். 0.07 மி.மீ. இழைகள் மூன்றைச் சேர்த்து விசிறி போல ஒட்டும் வால்யூம் வகையில், மூன்றும் சேர்ந்தே ஒற்றை 0.15 இழையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். மெல்லிய முடி உள்ளவர்கள் அடர்த்தி வேண்டுமென்று தடித்த இழையைக் கேட்பதைவிட, மெல்லிய இழைகளின் விசிறியைக் கேட்பது நல்லது.

பசை சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தால்தான் இது இறுகும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும்போது பெரும்பாலான பசைகள் சரியாக வேலை செய்யும். நம் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரப்பதம் இதைவிட வெகுவாக ஏறிவிடும். அப்போது இழையை முடியில் வைப்பதற்குள்ளேயே பசையின் மேற்பரப்பு இறுகி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, இரண்டு நாளில் இழைகள் கொட்டும். நல்ல பார்லரில் ஏசியோடு ஈரப்பதமானியும் மேசையில் இருக்கும். பசைத் துளியைக் கால் மணிக்கு ஒருமுறை புதிதாக எடுப்பார்கள். வீட்டில் இருக்கும் ஃபெவிக்விக்கை இமைக்குப் பயன்படுத்தும் எண்ணமே வேண்டாம்.

போட்ட முதல் 24 மணி நேரம் தண்ணீரும் நீராவியும் படாமல் இருக்கட்டும். அதன்பிறகு தினமும் கழுவியே ஆக வேண்டும். கொட்டிவிடுமோ என்ற பயத்தில் கழுவாமல் இருப்பதால்தான் இமை வேரில் எண்ணெயும் செதிலும் சேர்ந்து, இமை விளிம்பு சிவந்து வீங்குகிறது. எண்ணெய் இல்லாத நுரை கிளென்சரை மெல்லிய பிரஷ்ஷால் வேரில் தடவி, தண்ணீர் விட்டுக் கழுவி, காற்றில் உலர்த்தி வாரிவிடுங்கள். எண்ணெய் கலந்த ரிமூவரையும் காஜலையும் தவிர்க்கச் சொல்வார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர்கள் அது நெற்றியில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள முடியில் ரீஃபில், அதாவது கொட்டிய இடங்களில் மறுபடி ஒட்டும் இழை, பிடிக்காது. குப்புறப் படுப்பவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் கொட்டும்.

ரீஃபில் இரண்டு முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முதல் செட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆறு மாதத்து ரீஃபிலையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கழற்றுவதையும் பார்லரிலேயே, ஜெல் போட்டுத்தான் செய்ய வேண்டும். கையால் பிய்த்தால் உங்கள் முடியும் கூடவே வரும்.

போட்டபின் கண் சிவந்தால் அது எதனால் என்று பிரித்தறிய வேண்டும். வேலையின்போது கண் லேசாகத் திறந்து பசையின் ஆவி பட்டிருந்தால், கண்ணின் வெள்ளைப் பகுதி சிவக்கும், எரியும். ஒரு நாளில் தணிந்துவிடும். அலர்ஜி அப்படி இல்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து இமைத் தோல் அரிக்கும், இரண்டு கண்ணும் வீங்கும், நாளாக ஆகக் கூடும். அது அலர்ஜி என்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த முறையும் ஒட்டுவது ஆபத்து. ஒவ்வொரு முறையும் எதிர்வினை கடுமையாகும்.

லிஃப்ட்: வளைவு மட்டும்

நம்மில் பலருக்கு இது ஒன்றே போதும். முடி இருக்கிறது, நீளமும் இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு மேல் திரை போலக் கவிந்திருக்கிறது என்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

தலைமுடியைச் சுருட்டும் பெர்ம் முறையேதான். இமையின் மேல் சிலிக்கோன் அச்சு ஒன்றை ஒட்டி, முடிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வாரிப் படியவைப்பார்கள். முதல் திரவத்தில் தயோகிளைகோலிக் அமிலமோ சிஸ்டீயமீனோ இருக்கும். முடிக்குள் உள்ள கந்தகப் பிணைப்புகளை அது அவிழ்க்கும். இரண்டாவது திரவம் புதிய வளைவில் அந்தப் பிணைப்புகளைத் திரும்பக் கட்டும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 6 முதல் 8 வாரம் நிற்கும். ரீஃபில் இல்லை, தினசரிப் பராமரிப்பும் இல்லை.

கெடுவது மூன்று இடங்களில். அச்சு சிறிதாக இருந்தால் முடி வளைவதற்குப் பதில் எல் வடிவில் மடிந்து இமையைத் தொடும். பெரிதாக இருந்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. முடிகளை இணையாக வாராமல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தால் அப்படியே நிலைத்துவிடும். எல்லாவற்றையும்விட மோசம், முதல் திரவத்தை நுனிவரை தடவுவது, அல்லது நேரம் தவறவிடுவது. திரவம் வேரிலிருந்து முடியின் பாதி, அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் போக வேண்டும். மெல்லிய முடிக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். கூடிப்போனால் நுனி பொசுங்கியது போல் சுருண்டு கிடக்கும். அதைச் சரிசெய்ய விரைவான வழி கிடையாது. உதிர்ந்து புதிய முடி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் 6 வாரத்துக்குள் மறுபடி லிஃப்ட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

லிஃப்ட்டோடு டின்ட்டும் சேர்த்துத் தருவார்கள். முடி நன்கு கறுப்பாக உள்ளவர்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. இமைக்கான பல சாயங்களில் பி.பி.டி. எனும் பாரா-ஃபினைலீன்டையமீன் வகைச் சேர்மங்கள் இருக்கும். 1933-இல் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயத்தில் இதே பொருள் இருந்து, பெண்களின் கண்பார்வை பறிபோனது. 1938-இல் அங்கே அழகுசாதனங்களையும் அரசுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த சட்டத்துக்கு அந்தச் சம்பவமும் ஒரு தூண்டுதல். இமைக்கும் புருவத்துக்கும் பி.பி.டி. வகைச் சாயம் போட, அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகாரம் தரவில்லை. தலைக்கு டை போட்டோ, கறுப்பு மருதாணி வைத்தோ ஒருமுறையாவது அரித்து வீங்கியிருந்தால், இமை டின்ட் உங்களுக்குக் கூடவே கூடாது.

சீரமும் விளக்கெண்ணெயும்

உண்மையிலேயே முடியை வளர்ப்பதாக நிரூபிக்கப்பட்டது 0.03 சதவீதச் செறிவுள்ள பைமாட்டோபிராஸ்ட் என்ற மருந்து. கண் நீர் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தாக வந்தது. போட்டவர்களுக்கு இமை முடி நீண்டதைப் பார்த்து, 2008-இல் லாட்டிஸ் என்ற பெயரில் இமைக்கென்றே எஃப்.டி.ஏ. அனுமதித்தது. 16 வாரச் சோதனையில் நீளம் 25 சதவீதம் கூடியது. இரவில் ஒருமுறை, மேல் இமை வேரில் மட்டும், ஒவ்வொரு கண்ணுக்கும் புதிய பிரஷ்ஷால் தடவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டு, 15 நிமிடம் கழித்து மாட்டலாம். நிறுத்தினால் முடி பழையபடி ஆகிவிடும்.

பக்கவிளைவுகள் சிறியவை அல்ல. இமைத் தோல் கறுக்கலாம். கண்ணைச் சுற்றிய கொழுப்பு கரைந்து கண் குழி விழலாம். கருவிழியின் நிறம் நிரந்தரமாக மாறவும் வாய்ப்புண்டு. மருந்துக் கடையில் சொட்டு மருந்தை வாங்கி நீங்களாகத் தடவாமல், கண் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் போடுங்கள். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். அழகு சீரம் என்று விற்பதிலும் ஐசோப்ரோப்பைல் குளோப்ரோஸ்டெனேட் என்று பொருள் பட்டியலில் இருந்தால் அதுவும் இதே குடும்பம். அதே கவனம் தேவை.

பாட்டி காலத்து விளக்கெண்ணெய் முடியை வளர்ப்பதாகச் சான்று இல்லை. முடியின் மேல் படிந்து பளபளப்பும் வளைந்துகொடுக்கும் தன்மையும் தரும், அதனால் முறிவது குறையலாம். ஒரு துளிக்கும் குறைவாக, கண்ணுக்குள் இறங்காமல் தடவினால் போதும்.

முகூர்த்தம் குறித்திருப்பவர்களுக்கு

எதையும் முதன்முறையாகக் கல்யாணத்துக்கு முந்தின நாள் முயலாதீர்கள். லிஃப்ட் என்றால் முகூர்த்தத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் முன்பு. எக்ஸ்டென்ஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பு. எதுவானாலும் அதே பசையையோ திரவத்தையோ வைத்து, குறைந்தது 48 மணி நேரம் முன்பே பேட்ச் டெஸ்ட், அதாவது சிறிது மட்டும் வைத்து அலர்ஜி வருகிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். மேக்கப் கலைஞரிடம் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: லிஃப்ட் செய்த முடிக்குக் கர்லர் வேண்டாம், எக்ஸ்டென்ஷன் மேல் வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா கூடாது. ஹோமப் புகையில் கண் கலங்கினால் கைக்குட்டையால் தேய்க்காமல், டிஷ்யூவின் ஓரத்தை மடித்து உள் முனையில் ஒற்றி எடுத்தால் போதும்.

கண்கட்டி, கண் வலி, இமை வீக்கம் இருக்கும்போது எதுவும் வேண்டாம். சமீபத்தில் லேசிக் எனும் லேசர் கண் அறுவை செய்துகொண்டவர்கள் அறுவை செய்த மருத்துவரிடம் கேட்ட பிறகே வர வேண்டும். எதுவும் போடாமலேயே இமை முடி திடீரெனத் திட்டாகக் கொட்டினால் பார்லருக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு கோளாறோ புழுவெட்டோ அதற்குப் பின்னால் இருக்கக்கூடும்.